எந்த சல்லிவன்? ஐரிஷ் குடும்பப் பெயரின் ஊரைக் கண்டுபிடிக்க ஒரு வழிகாட்டி

என் கணவர் பாஸ்டன்காரர், குடும்பப் பெயர் சல்லிவன். தாத்தா அயர்லாந்திலிருந்து வந்தவர் என்பதைத் தாண்டி அவர்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாது. எந்த ஊர் என்று கேட்டால் "கார்க் பக்கம்" என்பார்கள். "மதுரைப் பக்கம்" என்று சொல்வது போலத்தான், ஒன்றுக்கும் உதவாது. அந்த ஊரைக் கண்டுபிடித்து, அதை வைத்து அவருக்கு ஐரிஷ் குடியுரிமையும் பதிவு செய்து முடிக்க எங்களுக்கு இரண்டரை ஆண்டு ஆனது. அதில் ஓராண்டுக்கு மேல் சுத்த வீண். நீங்களும் ஐரிஷ் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாலோ, நண்பருக்காகத் தேடினாலோ, அந்த ஓராண்டை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

நான் உதாரணம் காட்டுவதெல்லாம் சல்லிவன் என்ற பெயரை வைத்துத்தான். மர்ஃபி, கெல்லி, பர்ன், ரயன் எதுவானாலும் வழி இதேதான்.

1. பெயரை விடுங்கள், ஆளைப் பிடியுங்கள்

நான் செய்த முதல் தப்பு, இணையத்தில் "சல்லிவன் வம்சம்" என்று தேடியது. 1890-இல் ராபர்ட் மேத்தசன் என்ற அதிகாரி பிறப்புப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டபோது, அயர்லாந்திலேயே அதிகம் பேர் வைத்திருந்த பெயர்களில் மர்ஃபி, கெல்லிக்கு அடுத்து மூன்றாவது சல்லிவன். ஏறக்குறைய 43,600 பேர். அந்தக் கூட்டத்தில் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைத் தேடுவது, சென்னையில் போய் "முருகன் வீடு எது?" என்று கேட்பதற்குச் சமம்.

முதலில் கடல் தாண்டி வந்த அந்த ஒரு ஆளைப் பற்றி வீட்டிலிருந்தே திரட்டுங்கள். தேவை நான்கு விஷயங்கள்: முழுப்பெயர், உத்தேசமாகப் பிறந்த ஆண்டு, அப்பா பெயர், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். ஐந்தாவதாக ஊர் கிடைத்தால் அதிர்ஷ்டம். இறப்புச் சான்றிதழ், கல்லறைக் கல், இறுதிச்சடங்கில் கொடுத்த நினைவு அட்டை, பழைய கடித உறை என எதையும் விடாதீர்கள்.

அமெரிக்காவுக்கு வந்தவர் என்றால் இரண்டு தாள்கள் மிக முக்கியம். ஒன்று, குடியுரிமை மனு. 1906 செப்டம்பருக்குப் பிறகு வந்த படிவங்களில் பிறந்த ஊருக்கென்று கட்டம் இருக்கும். அதற்கு முந்தையவற்றில் பெரும்பாலும் "அயர்லாந்து" என்றுதான் இருக்கும். இன்னொன்று கப்பல் பயணிகள் பட்டியல். 1907 முதல் அதில் சொந்த ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் கேட்டார்கள். எங்களுக்குக் கதவு திறந்தது அங்கேதான்.

பொறி: வீட்டில் சொல்லும் ஊர் துறைமுகமாக இருக்கலாம். எங்கள் மாமனார் "கோவ்" என்று அடித்துச் சொன்னார். இரண்டு மாதம் கோவ் பதிவுகளைத் துழாவினோம். தாத்தா கோவ் துறைமுகத்தில் கப்பல் ஏறியிருக்கிறார், அவ்வளவுதான். 1920-க்கு முன்னால் இதே துறைமுகத்துக்கு குவீன்ஸ்டவுன் என்று பெயர். ஆகவே குவீன்ஸ்டவுன் என்று கேள்விப்பட்டாலும் இதே சந்தேகம் வரட்டும்.

2. பெயர் போட்ட வேடங்களை எல்லாம் எழுதிக்கொள்ளுங்கள்

இதற்கு ஒரு மாலை ஒதுக்குங்கள். நான் ஒதுக்காததால் ஆறு மாதம் போனது.

ஐரிஷ் மொழியில் இந்தப் பெயர் "ஓ ஸூலவான்". முன்னால் நிற்கும் "ஓ" என்பதற்குப் பேரன், வழித்தோன்றல் என்று பொருள். "மாக்" என்றால் மகன். தாத்தா பெயரை வைப்பதால்தான் பேரனுக்குப் "பெயரன்" என்று பேர் வந்தது என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். பெண்களுக்கு எழுத்தே மாறும்: மணமாகாதவர் "நீ ஹூலவான்", மனைவி "இ ஹூலவான்". எழுதும்போது பெயரின் முதல் எழுத்துக்குப் பின்னால் ஒரு ஹெச் வந்து ஒட்டிக்கொள்ளும். தேடுபொறிக்கு அது வேறு பெயர்.

ஆங்கிலப் பதிவுகளில் சல்லிவன், ஓ சல்லிவன், ஒற்றை எல் போட்டது, "ஓ"-வுக்குப் பின் மேற்குறியோடு (அபாஸ்ட்ரஃபி), மேற்குறி இல்லாமல் என எல்லாம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரும்பாலானோர் "ஓ"-வை விட்டுவிட்டார்கள். நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் மொழிப் பற்று பெருகியபோது பலர் திரும்ப ஒட்டிக்கொண்டார்கள். அதனால் 1901-இல் சல்லிவனாக இருந்த வீடு 1911-இல் ஓ சல்லிவனாக நிற்கும், சில வீடுகள் படிவத்தையே ஐரிஷில் நிரப்பியிருக்கும். "நாங்கள் ஓ இல்லாத சல்லிவன், அவர்கள் வேறு" என்று உறவினர் யாராவது பெருமையாகச் சொன்னால் சரி சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டையும் தேடுங்கள்.

முதல் பெயரும் ஏமாற்றும். தாத்தாவை எல்லோரும் ஜெரி என்றுதான் சொன்னார்கள், நாங்கள் ஜெரால்டைத் தேடினோம். அவர் ஜெரமையா. ஐரிஷில் டியர்மிட் என்ற பெயரை கார்க், கெரி பகுதிகளில் ஆங்கிலத்தில் ஜெரமையா என்று எழுதுவது வழக்கம். அதேபோல கான்கூர் கார்னீலியஸ் ஆவார், டைக் திமொத்தி ஆவார், ஓவன் யூஜீன் ஆவார். ஹனோரா, நோரா, ஹானா மூவரும் ஒரே அம்மாவாக இருக்கலாம். சர்ச் ஏட்டில் லத்தீன் வேறு வரும்: ஜேம்ஸ் என்பவர் யாக்கோபுஸ், வில்லியம் என்பவர் குலியெல்முஸ்.

இன்னொரு உதவி: மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்று வைக்கும் பழக்கம் அங்கேயும் உண்டு. சட்டம் இல்லை, ஆனால் குழம்பி நிற்கும்போது ஒரு கைவிளக்கு.

3. டவுன்லேண்ட் கிடைக்கும்வரை ஓயாதீர்கள்

நம் ஊரில் மாவட்டம், தாலுகா, பிர்க்கா, வருவாய் கிராமம் என்று இறங்குவது போல அங்கே கவுண்டி, பேரனி, சிவில் பாரிஷ், டவுன்லேண்ட். டவுன் என்ற சொல்லைப் பார்த்து நகரம் என்று நினைக்காதீர்கள். சில வயல்களும் நாலைந்து வீடுகளும் சேர்ந்ததுகூட ஒரு டவுன்லேண்ட்தான். நாடு முழுக்க 60,000-க்கும் மேல் இருக்கின்றன. ஒரே பெயரில் பத்து இடங்களில் இருக்கும். உங்கள் ஆள் எந்த டவுன்லேண்ட் என்று தெரிந்தால்தான் அவர் உங்கள் ஆள். லோகேன்ம் டாட் ஐஇ என்ற அரசு ஊர்ப்பெயர்த் தளத்தில் இலவசமாகத் தேடலாம், ஐரிஷ் வடிவமும் வரைபடமும் வரும்.

கப்பல் பட்டியலில் எங்களுக்குக் கிடைத்தது "காசில்டவுன்" என்ற ஒரே சொல். அயர்லாந்தில் காசில்டவுன்கள் எத்தனை என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். எங்களுடையது கார்க் கவுண்டியின் மேற்குக் கோடியில் பேரா தீபகற்பத்தில் இருக்கும் காசில்டவுன்பேர். முந்தைய பதிவுகளில் காசில்டவுன் பேர்ஹேவன்.

பொறிகள் இரண்டு. கார்க், கெரி எல்லைக்கோடு இந்தத் தீபகற்பத்தின் குறுக்கே ஓடுகிறது, ஆகவே "கார்க் கவுண்டிக்காரர்" என்றால் கெரியையும் பாருங்கள். அப்புறம், அரசு எல்லையான சிவில் பாரிஷும், ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதியான கத்தோலிக்கப் பங்கும் ஒன்றல்ல. சிவில் கணக்கில் கில்கேதரின் என்று இருக்கும் இடத்தின் ஞானஸ்நானம் ஐரீஸ் பங்கு ஏட்டில் இருக்கும். இரண்டு பெயரையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். நான் ஒட்டினேன்.

4. 1901, 1911 கணக்கெடுப்பு (செலவு: இல்லை)

தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இரண்டும் முழுமையாக, மூலப் படிவத்தின் படத்தோடு இலவசம். இதற்கு முந்தைய கணக்கெடுப்புகளைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சில துண்டுகள் தவிர மிச்சம் இல்லை: கொஞ்சம் அரசே அழித்தது, கொஞ்சம் 1922-இல் டப்ளினில் ஆவணக் காப்பகம் எரிந்தபோது போனது. 1926 ஏப்ரல் 18-இல் எடுத்த கணக்கெடுப்பை வெளியிடாமல் வைத்திருக்கும் 100 ஆண்டுக் கெடு 2026 ஏப்ரல் வரைதான், அதையும் பாருங்கள்.

1911 படிவத்தில் மணமான பெண்களிடம், கல்யாணம் ஆகி எத்தனை ஆண்டு, எத்தனை குழந்தை பிறந்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். கல்யாண ஆண்டு இதிலேயே கிடைத்துவிடும். எங்கள் கொள்ளுப்பாட்டியின் வரியில் ஒன்பது பிறந்து ஆறு மிச்சம் என்றிருந்தது. அதைப் பார்த்த பிறகு அன்றைக்கு வேறெதுவும் தேடத் தோன்றவில்லை.

வயதை நம்பாதீர்கள். 1901-இல் 55 என்று சொன்னவர் 1911-இல் 70 ஆகியிருப்பார். பொய் என்று சொல்ல முடியாது: 1909 ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் வந்தது, வயது வரம்பு 70. பலருக்கு உண்மையான வயதே அப்போதுதான் தேவைப்பட்டது.

5. அரசுப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு (பார்க்க இலவசம்)

ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ என்பது அரசுத் தளம். கத்தோலிக்கர் அல்லாதவர் திருமணங்கள் 1845 முதலும், மற்ற எல்லாப் பதிவுகளும் 1864 ஜனவரி முதலும் தொடங்குகின்றன. தனியுரிமைக்காகப் பிறப்பு 100, திருமணம் 75, இறப்பு 50 ஆண்டு கடந்த பிறகுதான் இணையத்தில் வரும். உள்ளே போகும்போது உங்கள் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லி ஒரு பெட்டி வரும். கட்டணம் கேட்கப்போகிறார்கள் என்று பயந்து நான் முதல்நாள் மூடிவிட்டேன். கேட்க மாட்டார்கள்.

சல்லிவன் போன்ற கூட்டப் பெயருக்குத் தந்திரம் இதுதான்: தந்தை பெயரை மட்டும் நம்பாமல், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் டவுன்லேண்டும் சேர்ந்து பொருந்துகிறதா என்று பதிவின் படத்தைத் திறந்து பாருங்கள். மூன்றும் பொருந்தாவிட்டால் அவர் இல்லை. எங்கள் கதையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் சல்லிவன்! பேராவில் அது சாதாரணம். கடைசியில் டவுன்லேண்ட்தான் காப்பாற்றியது.

பிறந்த தேதியும் கொஞ்சம் முன்பின் இருக்கும். பிறப்பைக் கெடுவுக்குள் பதியாவிட்டால் அபராதம், அதனால் தாமதமாகப் போன பெற்றோர் தேதியைத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். ஞானஸ்நானம் ஆன பிறகு பிறந்த குழந்தைகள் இதனால் நிறைய.

6. சர்ச் ஏடுகள்

1864-க்கு முன்னால் போக வேண்டுமானால் இதுதான் வழி. தேசிய நூலகம் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளின் படங்களை 2015 முதல் இலவசமாக வைத்திருக்கிறது, ஏறக்குறைய 1880 வரை. அந்தத் தளத்தில் பெயர் போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். கெரி மறைமாவட்டத்துக்கு (பேரா அதில்தான் அடங்கும்) மேலே சொன்ன அரசுத் தளத்திலேயே பெயர்த் தேடல் இருக்கிறது. மற்ற கவுண்டிகள் பலவற்றுக்கு ரூட்ஸ் அயர்லாந்து என்ற சந்தாத் தளம் வேண்டும். ஆண்டுச் சந்தா கட்டாதீர்கள். பட்டியலைத் தயார் செய்துவிட்டு ஒரே ஒரு மாதம் கட்டுங்கள்.

ஞானப்பெற்றோர் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் அத்தை, மாமா, சித்தப்பா வகைதான். இரண்டு ஜெரமையாக்களில் எது நம்முடையது என்று தீர்க்க அது போதும்.

7. நில வரிக் கணக்கு

கிரிஃபித் மதிப்பீடு, 1847 முதல் 1864 வரை. குடும்பத் தலைவர் பெயர் மட்டும் இருக்கும், ஆனால் எந்த நிலத்தில் என்று வரைபடத்தோடு இருக்கும். ஆஸ்க் அபவுட் அயர்லாந்து தளத்தில் இலவசம். ஒரே டவுன்லேண்டில் மூன்று டேனியல் சல்லிவன்கள் இருந்தால் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரோ பட்டப்பெயரோ போட்டிருப்பார்கள்: சிவப்புத் தலைமுடிக்கு "ருவா", வெளுத்தவருக்கு "பான்". நம் ஊரில் கட்டை ராமசாமி, செவத்த ராமசாமி என்று சொல்வதுதான். பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிஞர் ஓவன் ருவா ஓ ஸூலவானின் நடுப்பெயரும் இப்படி வந்ததே. அந்த அடைப்புக்குறியை அச்சுப்பிழை என்று தள்ளிவிடாதீர்கள்.

8. சான்றிதழ், குடியுரிமை: பணமும் காலமும்

வெறும் ஆர்வத்துக்கு என்றால் ஐந்து, ஆறோடு நிறுத்திக்கொள்ளலாம், காசு பெரிதாகச் செலவில்லை. தாத்தாவோ பாட்டியோ அயர்லாந்தில் பிறந்தவர் என்றால் பேரப்பிள்ளைகள் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவேட்டில் பெயரைப் பதிந்து குடியுரிமை பெறலாம். இணையத்தில் இறக்கிய படம் அதற்குச் செல்லாது. பொதுப் பதிவாளர் அலுவலகத்திலிருந்து சான்றிதழ் வாங்க வேண்டும்: ஒன்று 20 யூரோ, தபால் தனி. ஆராய்ச்சிப் பிரதி 5 யூரோதான், ஆனால் விண்ணப்பத்துக்கு உதவாது.

சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன் இலவசப் படத்தைப் பார்த்து, அதிலுள்ள பதிவு எண்ணைக் குறித்து அதையே விண்ணப்பத்தில் போடுங்கள். நாங்கள் பெயரும் ஆண்டும் மட்டும் போட்டோம். வேறொரு காசில்டவுனில் பிறந்த வேறொரு ஜெரமையா சல்லிவன் அழகான முத்திரையோடு வீடு வந்து சேர்ந்தார். 20 யூரோவும் ஐந்து வாரமும்.

தேவைப்படும் தாள்கள், மூன்று தலைமுறைக்கும்:

- தாத்தா: பிறப்பு, திருமணம், இறப்புச் சான்றிதழ்கள்.
- அப்பா அல்லது அம்மா: பிறப்பு, திருமணம், உயிரோடு இருந்தால் அடையாள அட்டையின் சான்றொப்பமிட்ட நகல், இல்லாவிட்டால் இறப்புச் சான்றிதழ்.
- விண்ணப்பதாரர்: பிறப்பு, திருமணம், பாஸ்போர்ட்டின் சான்றொப்பமிட்ட நகல், முகவரிச் சான்று இரண்டு, படம் நான்கு.

பெற்றோர் பெயர் இருக்கும் நீள வடிவச் சான்றிதழே வேண்டும். அமெரிக்காவில் சில இடங்களில் கேட்காவிட்டால் குட்டை வடிவத்தைக் கொடுத்துவிடுவார்கள். சாட்சிக் கையெழுத்துப் போடுபவர் அவர்கள் பட்டியலில் உள்ள தொழிலில் இருக்க வேண்டும், சொந்தக்காரராக இருக்கக் கூடாது.

கட்டணம் பெரியவருக்கு 278 யூரோ, 18 வயதுக்குக் கீழ் 153 யூரோ. கட்டும் அன்றைக்கு வெளியுறவுத் துறைத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். காலம் ஒன்பது மாதத்திலிருந்து ஓராண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாள் குறைந்தாலும் கடிதம் வரும், நாள் கூடும். எங்களுக்கு வந்த கடிதத்தின் காரணம் பாட்டியின் பெயர்: ஒரு தாளில் ஹனோரா, இன்னொன்றில் நோரா. முன்கூட்டியே ஒரு விளக்கக் கடிதமும் இரண்டு பெயரையும் இணைக்கும் ஒரு தாளும் வைத்திருந்தால் நான்கு மாதம் மிஞ்சியிருக்கும்.

எல்லாவற்றிலும் பெரிய பொறி இது. குடியுரிமை பதிவான நாளிலிருந்துதான் கணக்கு. அதற்கு முன் பிறந்த பிள்ளைக்கு இந்த வழியில் கிடைக்காது, பின் பிறந்த பிள்ளை விண்ணப்பிக்கலாம். எங்கள் மகள் முன்னால் பிறந்தவள், மகன் பின்னால். வீட்டில் இதைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணம் இருந்தால் இந்த வேலையை முதலில் முடியுங்கள்.

9. பெயரின் பொருளும் பிரபலங்களும், இப்போது

இதை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், இதில் ஆரம்பித்தவர்கள் யாரும் ஊர் போய்ச் சேர்வதில்லை. ஸூலவானில் வரும் "ஸூல்" என்றால் கண். அது உறுதி. மிச்சப் பாதிக்குக் கருங்கண், ஒற்றைக்கண், பருந்துக்கண் என்று அறிஞர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கடைக்காரர் ஒரே விளக்கத்தைச் சட்டம் போட்டு விற்றால் வாங்காதீர்கள். குடும்பச் சின்னமும் அப்படித்தான்: சின்னம் தனி ஆளுக்குக் கொடுக்கப்படுவது, பெயர் உள்ள எல்லோருக்கும் அல்ல.

இந்தப் பெயர்க்காரர்கள் ஆதியில் இன்றைய தெற்கு டிப்பரரியில் நாக்கிராஃபன் பக்கம் இருந்து, பிறகு தள்ளப்பட்டு மேற்குக் கார்க்குக்கும் தெற்குக் கெரிக்கும் போனவர்கள். ஓ சல்லிவன் மோர், ஓ சல்லிவன் பேர் என்பவை பெரிய கிளைகள். பேர் கிளையின் தலைவர் டோனல் காம் 1602-இன் கடைசி நாளில் ஏறக்குறைய ஆயிரம் பேரோடு வடக்கே நடக்கத் தொடங்கி 35 பேரோடு லீட்ரிம் போய்ச் சேர்ந்த கதையைப் பேராவில் எல்லோரும் சொல்வார்கள். கேளுங்கள், ஆனால் வம்ச மரத்தில் ஏற்றாதீர்கள். நடுவில் இருக்கும் 250 ஆண்டுக்குத் தாள் கிடையாது.

பிரபலங்களைச் சொந்தம் கொண்டாடுவதும் அப்படித்தான். குத்துச்சண்டை வீரர் ஜான் எல். சல்லிவனின் அப்பா கெரிக்காரர். ஹெலன் கெல்லரின் ஆசிரியை ஆன் சல்லிவனின் பெற்றோர் லிமரிக் பக்கம். நடிகை மாரீன் ஓ சல்லிவன் பிறந்தது ராஸ்காமன் கவுண்டியின் பாய்ல். 1995-இல் 5000 மீட்டர் உலகப் பட்டம் வென்ற சோனியா ஓ சல்லிவன் கோவ். நம்மவர்களுக்குத் தெரிந்தவர் ஊட்டியில் கல்வீடு கட்டிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், அவர் பிறந்தது லண்டன். ஒருமுறை கோயம்புத்தூரில் என் பெரியப்பா, "மாப்பிள்ளை, ஊட்டி உங்க தாத்தாவுதா?" என்று கேட்டார். இவரும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றுவிட்டார். அதைத் திருத்துவதற்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது.

10. ஊருக்குப் போகும்போது

மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். வேலி தாண்டுவதற்கு முன் பண்ணைக்காரரிடம் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். கிரிஃபித் வரைபடத்தின் நகலும் கணக்கெடுப்புப் படிவமும் கையில் இருக்கட்டும்.

பேராவில் "நாங்கள் சல்லிவன்" என்று சொன்னால் யாரும் அசைய மாட்டார்கள், அவர்களும் சல்லிவன்தான். நாங்கள் சாலையோரம் நின்றிருந்தபோது டிராக்டரை நிறுத்திய பெரியவர் ஒருவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த சல்லிவன்?" என் கணவர் டவுன்லேண்டின் பெயரைச் சொல்லி, அடைப்புக்குறிக்குள் இருந்த "ருவா"-வையும் சேர்த்துச் சொன்னார். அவர் இறங்கி வந்து, கூரை இல்லாத ஒரு கல்வீட்டைக் கை நீட்டிக் காட்டினார்.